கல்லுக்கு அடியில் ஒரு மதிப்பெண் பட்டியல்: ஓடையின் நலம் அறிய மினிசாஸ் எவ்வளவு உதவுகிறது?

எங்கள் பள்ளிக்குப் பின்னால் ஒரு பள்ளம் ஓடுகிறது. கொங்கு நாட்டில் பள்ளம் என்பது ஓடையைக் குறிக்கும் சொல் என்பதை வெளியூர் வாசகர்களுக்கு முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் பிறந்து, பாக்குத் தோப்புகளையும் குடியிருப்புகளையும் கடந்து, கடைசியில் நொய்யலில் கலக்கும் இந்தச் சிறிய நீரோட்டத்தை, பள்ளிச் சுற்றுச்சூழல் மன்றத்து மாணவர்களே தொடர்ந்து கண்காணிக்கும்படி ஏதாவது ஒரு முறையை அவர்களுக்குக் கற்றுக்கொடுக்க முடியுமா என்று கடந்த ஓராண்டாக முயன்று வருகிறேன். அதற்காகப் பயன்படுத்திப் பார்த்தவற்றுள், நீரில் வாழும் பூச்சி, நத்தை போன்ற சிற்றுயிர்களைக் கொண்டு ஓடைக்கு மதிப்பெண் போடும் மினிசாஸ் என்னும் முறையைப் பற்றியதே இந்த மதிப்புரை. ஓடையின் கரைகளைப் பார்ப்பதற்கு மினிசாஸ் போதாமல் போனதால், அதற்குத் துணையாக எடுத்துக்கொண்ட வேறொரு முறையைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது.

மினிசாஸுக்கு வந்து சேர்வதற்கு முன்னால் ஒரு நாள் பயிற்சி முகாம் ஒன்றுக்குப் பணம் கட்டிப் போயிருந்தேன். நடத்தியவர்களின் பெயர் இங்கே தேவையில்லை. நீர்நிலைக் கண்காணிப்பு என்று அழைப்பிதழில் அச்சிட்டிருந்தார்கள். ஆனால், குளிரூட்டிய அரங்கில் நாற்பது பேரை உட்காரவைத்து, மாலை வரை திரையில் படங்களைக் காட்டி, கடைசியில் ஆளுக்கு ஒரு வேதிப் பரிசோதனைப் பெட்டியையும் சான்றிதழையும் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஒருவருடைய கால்கூட அன்றைக்கு நனையவில்லை. அந்தப் பெட்டியைக் குறை சொல்ல மாட்டேன். கார அமிலத் தன்மை, நைட்ரேட், கரைந்துள்ள ஆக்சிஜன் ஆகியவற்றைத் துளி மருந்தும் வண்ண அட்டையும் கொண்டு ஓரளவு சரியாகவே அது காட்டியது. சிக்கல் வேறிடத்தில் இருந்தது. பாசி மண்டிய தேங்கலில் பிற்பகலில் நீரை எடுத்தால், வெயிலில் பாசி வெளியிட்ட ஆக்சிஜனால் அளவு ஐந்து மில்லிகிராமைத் தாண்டி நிற்கும். அதே இடத்தில் விடியற்காலையில் எடுத்தால், இரவெல்லாம் அந்தப் பாசியும் நுண்ணுயிரிகளும் ஆக்சிஜனை உட்கொண்டிருப்பதால் அளவு பாதிக்கும் கீழே இறங்கியிருக்கும். லிட்டருக்கு ஐந்து மில்லிகிராமும் அதற்கு மேலும் இருந்தால் குளிப்பதற்கு உகந்த நீர் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோல்களுள் ஒன்று. ஆக, எங்கள் ஓடை பிற்பகலில் தேர்ச்சி பெற்றது, காலையில் தோற்றது. மாணவர்களுக்கு இதை எப்படி விளக்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் நீர்ப்பூச்சிகளின் பக்கம் கவனம் திரும்பியது.

மினிசாஸ் தென்னாப்பிரிக்காவில் உருவானது. அந்நாட்டு ஆறுகளின் நலத்தை நீரில் வாழும் முதுகெலும்பற்ற உயிரிகளைக் கொண்டு மதிப்பிடுவதற்காக ‘சாஸ்’ என்ற மதிப்பெண் முறை ஏற்கெனவே அங்கே இருந்தது. பிரிட்டனில் 1970களின் பிற்பகுதியில் வகுக்கப்பட்ட, இதே போல நீர்வாழ் உயிரிகளின் குடும்பங்களுக்கு மதிப்பெண் தரும் பி.எம்.டபிள்யூ.பி. முறையின் வழிவந்த அதன் ஐந்தாம் பதிப்பு 2002இல் வெளியானது. தொண்ணூறுக்கும் மேற்பட்ட உயிரி வகைகளைப் பிரித்தறியத் தெரிந்தவர்களால் மட்டுமே அதைப் பயன்படுத்த முடியும் என்பதால், பள்ளி மாணவர்களும் ஊர் மக்களும் கையாளும் வகையில் அதைப் பதின்மூன்று குழுக்களாகச் சுருக்கி, 2004இல் மினிசாஸ் என்ற பெயரில் வெளியிட்டார்கள். தட்டைப்புழு, மண்புழு போன்ற புழுக்கள், அட்டை, நண்டும் இறாலும், ஸ்டோன்ஃபிளை, இரண்டு பிரிவாக மேஃபிளை, ஊசித்தட்டான், தட்டான், நாவாய்ப்பூச்சியும் வண்டும், கேடிஸ்ஃபிளை, கொசுவும் ஈயும் சேர்ந்த இருசிறகிகள், நத்தை ஆகியவையே அந்தப் பதின்மூன்று. இவற்றுள் ஸ்டோன்ஃபிளை, மேஃபிளை, கேடிஸ்ஃபிளை ஆகியவை இளம்பருவத்தை நீருக்குள் கழிக்கும் சிறகுப் பூச்சிகள். ஒவ்வொன்றுக்கும் அது மாசுக்கு எவ்வளவு அஞ்சும் என்பதைப் பொறுத்து ஒரு மதிப்பெண் உண்டு. ஸ்டோன்ஃபிளைக்குப் பதினேழு; அட்டைக்கும் புழுவுக்கும் இருசிறகிகளுக்கும் இரண்டு.

பூச்சிகளைப் பார்ப்பதில் என்ன சிறப்பு என்று பெற்றோர் ஒருவர் கேட்டார். தட்டானின் இளம்பூச்சி ஓடைக்குள் பல மாதங்கள் வாழ்கிறது. சில இனங்கள் ஓராண்டுக்கு மேலும் அங்கேயே இருக்கும். மேஃபிளையின் இளம்பூச்சி வயிற்றின் இரு புறமும் மெல்லிய செவுள்களை விசிறி போல அசைத்து நீரிலிருக்கும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. போன வாரம் நள்ளிரவில் யாராவது எதையாவது ஓடையில் திறந்துவிட்டிருந்தால், நாம் பரிசோதனைக் குழாயோடு போய் நிற்கும்போது அந்த நீர் பல மைல் தள்ளிப் போயிருக்கும். செவுள்கள் அடைபட்டு இறந்த பூச்சிகளின் இடமோ வெறுமையாகவே இருக்கும். அதே வேளையில், சில கொசு இனத்து உறவினப் பூச்சிகளின் சிவப்பு நிறப் புழுக்கள் உடலில் ஹீமோகுளோபின் வைத்திருப்பதால் ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் செழிக்கின்றன. ஓர் ஓடையில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்ற பட்டியலே கடந்த சில மாதங்களின் நாட்குறிப்பாகி விடுகிறது. இதைச் சொன்ன பிறகு அந்தப் பெற்றோரே ஒரு விடுமுறை நாளில் எங்களோடு ஓடைக்கு வந்தார்.

தேவைப்படும் பொருள்கள் அதிகமில்லை. கைப்பிடியுள்ள ஒரு சிறிய வலை, வெள்ளை நிறத் தட்டு ஒன்று, கைலென்ஸ், பென்சில், மதிப்பெண் தாள் ஆகியவை போதும். வலையை நாங்களே செய்தோம்: வடிகட்டிக் கம்பியை வளைத்து, பழைய கொசுவலையை இரண்டு மடிப்பாகத் தைத்து, மூங்கில் கழியில் கட்டினோம். வெள்ளைத் தட்டுக்குப் பதில் ஐஸ்கிரீம் டப்பாவே போதுமானதாக இருந்தது. மதிப்பெண் தாளும் உயிரிகளை அடையாளம் காணும் படவழிகாட்டியும் மினிசாஸ் இணையத்தளத்திலிருந்து இலவசமாகக் கிடைக்கின்றன. எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. அதிலும் பெரும்பகுதி நல்ல கைலென்ஸுக்கே போனது. மலிவான லென்ஸை வாங்கி முதல் மாதத்தை வீணாக்கினோம். செவுளையும் வாலையும் காட்டாத லென்ஸால் இந்த வேலைக்குப் பயனில்லை.

செய்முறையும் எளிது. நீரோட்டத்துக்கு எதிர்முகமாக வலையை வைத்துக்கொண்டு, அதற்கு முன்னால் உள்ள கற்களைக் காலால் கிளறி, கைகளால் தேய்த்து, கரையோரச் செடிகளின் வேர்களையும் மணலையும் அசைத்து, ஐந்து நிமிடம் போல இடம் மாறி மாறிச் சேகரிக்க வேண்டும். வலையில் விழுந்ததைத் தட்டில் கொட்டி, எந்தெந்தக் குழு இருக்கிறது என்று குறித்து, அவற்றின் மதிப்பெண்களைக் கூட்டி, கிடைத்த குழுக்களின் எண்ணிக்கையால் வகுத்தால் சராசரி வந்துவிடும். ஒரு குழுவில் ஒரே ஒரு பூச்சி கிடைத்தாலும் நூறு கிடைத்தாலும் கணக்கு ஒன்றுதான். கற்பாங்கான ஓடைக்கும் மணற்பாங்கான ஓடைக்கும் தனித்தனி எல்லைகள் வைத்து, இயற்கை நிலையிலிருந்து மிகவும் சீர்கெட்ட நிலை வரை ஐந்து படிகளாக வகைப்படுத்தியிருக்கிறார்கள். எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு இதைக் கற்றுக்கொடுக்க எனக்கு ஒரு முற்பகல் போதுமானதாக இருந்தது. பயிற்சி முகாமில் ஒரு நாள் முழுதும் உட்கார்ந்திருந்து நான் கற்றதைவிட, முழங்கால் அளவு நீரில் நின்று அந்த முற்பகலில் அவர்கள் கற்றது அதிகம் என்று தயங்காமல் சொல்வேன்.

முதல் நாளிலேயே கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பாட்டி ஒருவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, “ஏனுங்க சார், மீன விட்டுப்போட்டு பூச்சியவா எண்ணறீங்க?” என்று கேட்டார். மாணவி ஒருத்தி தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி, மணல் துகள்களைத் தன் உமிழ்நீர்ப் பட்டால் ஒட்டிக் குழல் செய்துகொண்டு அதற்குள் வாழும் கேடிஸ்ஃபிளைப் புழுவை அவரிடம் காட்டினாள். அந்தக் குழல்களைத் தம் சிறுவயதில் கற்களின் மேல் நிறையப் பார்த்திருப்பதாகவும், அவற்றுக்குள் உயிர் இருப்பது இப்போதுதான் தெரிகிறது என்றும் பாட்டி சொன்னார். மதிப்பெண் தாளில் எழுத இடமில்லாத தகவல் இது. நான் என் குறிப்பேட்டில் எழுதிவைத்தேன்.

படவழிகாட்டியின் தரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த முறையின் பலமும் பலவீனமும் அங்கேதான் சந்திக்கின்றன. கால்கள் உண்டா, ஓடு உண்டா, வால்கள் எத்தனை என்று இரண்டிரண்டாகப் பிரிந்து செல்லும் கேள்விகளால் அமைந்த அந்த வழிகாட்டி, பெரும்பாலான குழுக்களைக் குழப்பமின்றிக் காட்டிவிடுகிறது. வயிற்றின் முனையில் இலை போன்ற மூன்று செவுள்கள் இருந்தால் ஊசித்தட்டான், உருண்டு திரண்ட உடலும் முகத்துக்குக் கீழே மடித்துவைத்த பற்றுகொக்கியும் இருந்தால் தட்டான் என்பதை மாணவர்கள் இரண்டாம் முறையிலேயே பிடித்துக்கொண்டார்கள். இடறியது மேஃபிளையில். அயிரைக் குஞ்சு போல விசுக்கென்று நீந்தும், உருளை உடல் கொண்ட ஒரு பிரிவுக்கு மதிப்பெண் ஐந்து; தட்டையான தலையோடு கல்லில் ஒட்டிக்கொண்டு ஊர்பவை முதலான மற்ற மேஃபிளைகளுக்கோ பதினொன்று. முதல் பிரிவில் மாசைத் தாங்கும் இனங்கள் இருப்பதால்தான் இந்த வேறுபாடு. ஆனால் தட்டில் விழுந்த அரை அங்குலத்துக்கும் குறைவான ஓர் உயிரியை எந்தப் பக்கம் சேர்ப்பது என்பதில் இரண்டு மாணவர்கள் கருத்து வேறுபட்டால், மொத்தத்தில் ஆறு மதிப்பெண் வேறுபடுகிறது. நாங்கள் கண்ட தீர்வு எளியது: தட்டிலேயே அதை விட்டுச் சில நொடிகள் பார்ப்பது. நீந்தினால் ஒன்று, ஊர்ந்தால் மற்றொன்று. படத்தைவிட நடை நன்றாகக் காட்டிக்கொடுக்கிறது. வழிகாட்டியில் இதை இன்னும் பெரிய எழுத்தில் சொல்லியிருக்கலாம்.

பதின்மூன்றாகச் சுருக்கியதற்குக் கொடுக்கும் விலையும் இருக்கிறது. எங்கள் ஓடையின் மேற்பகுதியில், வேகமாக நீர் பாயும் கற்களின் அடியில், நாணயத்தைப் போலத் தட்டையாக ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு வண்டின் புழுப்பருவம் கிடைக்கிறது. ஓட்டமுள்ள, வண்டல் படியாத நீரைத் தேடும் உயிரி அது. ஆனால் மினிசாஸ் தாளில் அதுவும், தேங்கிய குட்டையில் மேற்பரப்புக் காற்றைச் சுவாசித்துப் பிழைக்கும் நாவாய்ப்பூச்சியும் ஒரே குழுவில் ஐந்து மதிப்பெண்ணோடு அமர்ந்துகொள்கின்றன. மாணவர்கள் இதைக் கவனித்து முறையிட்டபோது எனக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது.

இனி கணக்கு. எங்களுடைய மேற்பகுதித் தட்டில் ஒரு நாள் எட்டுக் குழுக்கள் வந்தன: மற்ற மேஃபிளை பதினொன்று, நீந்தும் மேஃபிளை ஐந்து, கேடிஸ்ஃபிளை ஒன்பது, தட்டான் ஆறு, ஊசித்தட்டான் நான்கு, நாவாய்ப்பூச்சியும் வண்டும் ஐந்து, நண்டு ஆறு, நத்தை நான்கு. மொத்தம் 50, எட்டால் வகுத்தால் 6.25. தாளை மூடும் நேரத்தில் ஒரு மாணவன் தட்டின் மூலையில் சிறிய இருசிறகிப் புழு ஒன்றைக் கண்டுபிடித்தான். மொத்தம் 52 ஆனது; ஆனால் வகுக்கும் எண் ஒன்பதானதால் சராசரி 5.78ஆக இறங்கி, ஓடை ஒரு படி கீழே போயிற்று. அந்தப் புழுவுக்குப் பதில் ஒரு ஸ்டோன்ஃபிளை அகப்பட்டிருந்தால் மொத்தம் 67, சராசரி 7.44, ஓடை ஒரு படி மேலே ஏறியிருக்கும். ஐந்து நிமிடத் தேடலில் ஒற்றைப் பூச்சி தட்டில் விழுவதும் விழாமல் போவதும் தீர்ப்பை இப்படி அசைக்கும் என்றால், ஒரு நாள் எடுத்த ஒற்றைச் சராசரியைக் கொண்டு யாரையும் குற்றம் சாட்டவும் முடியாது, பாராட்டவும் முடியாது. கூர்மையான கண்ணுள்ள மாணவனுக்குச் சராசரி முறை தண்டனை கொடுக்கிறது என்பது ஆசிரியர் என்ற முறையில் எனக்கு உறுத்துகிறது. மூல முறையான சாஸில் மொத்த மதிப்பெண்ணையும் சராசரியையும் அடுத்தடுத்துப் பதிவு செய்கிறார்கள். மொத்தமோ புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கும்போதெல்லாம் ஏறத்தான் செய்யும். நாங்களும் இப்போது தாளின் ஓரத்தில் மொத்தம், குழுக்களின் எண்ணிக்கை, சராசரி மூன்றையும் எழுதுகிறோம். அவ்வாறு எழுதத் தொடங்கியபின் 6.25, 5.78 போன்ற வேறுபாடுகளுக்காக யாரும் பதறுவதில்லை.

அதற்காக எண்களே பொய் என்று எண்ணிவிடக் கூடாது. குடியிருப்பின் சாக்கடை நீர் வந்து சேரும் இடத்துக்குக் கீழே, மேற்பகுதியிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தொலைவில், இதே வலையையும் இதே ஐந்து நிமிடத்தையும் கொண்டு தேடியதில் புழு, அட்டை, இருசிறகி, நத்தை, நாவாய்ப்பூச்சி ஆகிய ஐந்து குழுக்கள் மட்டுமே கிடைத்தன. மொத்தம் 15, சராசரி 3. ஒரு முறை அல்ல, நான்கு முறை போனபோதும் மூன்றைச் சுற்றியே நின்றது. இவ்வளவு பெரிய வேறுபாட்டை எந்தத் தற்செயலும் உண்டாக்காது. பெரிய காயத்தை மினிசாஸ் தெளிவாகக் காட்டுகிறது. சிறிய காய்ச்சலை அளப்பதற்கு அதை நம்ப முடியாது.

தென்னாப்பிரிக்க ஆறுகளுக்காக வகுத்த எல்லைகளை நம் ஓடைகளுக்குப் பொருத்துவதில் இன்னொரு தயக்கமும் இருக்கிறது. தென்னிந்தியாவில் ஸ்டோன்ஃபிளை வகைகள் குறைவு. இருப்பவையும் மேற்குத் தொடர்ச்சி மலையின் குளிர்ந்த, வேகமான ஓடைகளையே சார்ந்திருக்கின்றன. சமவெளியில் ஓடும் தூய ஓர் ஓடையில் அது இல்லாததற்கு மாசு காரணமாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் பதினேழு மதிப்பெண் எட்டாத உயரத்திலேயே இருக்கும்போது, சமவெளி ஓடை எவ்வளவு நலமாக இருந்தாலும் உயர்ந்த படியை எட்டுவது கடினம். நம் நாட்டில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பி.எம்.டபிள்யூ.பி. முறையைத் தழுவி, குடும்ப அளவில் உயிரிகளைப் பிரித்து, அவற்றின் பல்வகைமையையும் கணக்கில் கொண்டு, ஐந்து வகுப்புகள் கொண்ட உயிரியல் நீர்த்தர அளவுகோலை வகுத்திருக்கிறது. அது நம் ஆறுகளுக்கு நெருக்கமானது. ஆனால் நுண்ணோக்கியும் பயின்ற கண்ணும் இல்லாமல் குடும்பங்களைப் பிரிக்க முடியாது என்பதால் பள்ளிக்கூடத்துக்கு எட்டாதது. ஆகவே நான் மாணவர்களிடம், நம் ஓடையை ஆப்பிரிக்க ஓடையோடு ஒப்பிடாதீர்கள், சென்ற மாதத்து நம் ஓடையோடும் மேலே உள்ள நம் ஓடையோடும் ஒப்பிடுங்கள் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

காலத்தைப் பற்றியும் எச்சரிக்கை தேவை. மினிசாஸ் ஓடும் நீருக்கானது; அணைகளுக்கோ சதுப்பு நிலங்களுக்கோ கழிமுகங்களுக்கோ பொருந்தாது என்பதை அதை உருவாக்கியவர்களே சொல்லிவிடுகிறார்கள். எங்கள் பள்ளமோ சித்திரையில் குட்டை குட்டையாக அறுந்து, வைகாசியில் சில இடங்களில் மணலாகவே கிடக்கும். ஓட்டம் நின்ற குட்டையில் கிடைத்த குறைந்த மதிப்பெண்ணை மாசு என்று எழுதிவிட்டால் அது ஓடைக்குச் செய்யும் அநீதி. அதே போல ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் வந்து போன மறுநாள் தேடினால் கல்லெல்லாம் துடைத்துவிட்டது போலக் கிடக்கும். பூச்சிகள் திரும்பிவர இரண்டு மூன்று வாரம் விட வேண்டும். எங்களுக்குத் தை, மாசி மாதங்களும், தென்மேற்குப் பருவமழை தணிந்த ஆவணி, புரட்டாசி மாதங்களும் ஒத்துவந்தன. காலை எட்டு மணிக்கு முன் ஓடையில் இறங்குவதில்லை. அந்த நேரத்தில் அங்கே யானைகளுக்கே முன்னுரிமை. சாக்கடை கலக்கும் பகுதியில் மாணவர்களை இறக்குவதில்லை. அங்கே ரப்பர் காலணியும் கையுறையும் அணிந்து நானும் இன்னோர் ஆசிரியரும் மட்டுமே வலை பிடிக்கிறோம்.

முடிவுகளை இணையத்தளத்தில் பதிவேற்றினால் உலக வரைபடத்தில் நம் இடத்தில் ஒரு சிறிய நண்டுப் படம் தோன்றும். நலமான இடத்துக்கு நீலம், பிறகு பச்சை, ஆரஞ்சு, சிவப்பு, மிக மோசமான இடத்துக்கு ஊதா. மாணவர்களுக்கு இதில் இருந்த உற்சாகம் அளவற்றது. எனக்கோ அதில் ஆர்வம் குறைவு.

கரைக்கு வருவோம். மினிசாஸின் பெரிய குறை, அது நீருக்குள் மட்டுமே பார்க்கிறது என்பதுதான். கரையில் நின்ற நீர்மருதையும் புங்கனையும் வெட்டிச் சாய்த்தால் அந்த வாரத் தாளில் ஒரு மதிப்பெண்ணும் குறையாது. நிழல் போய் நீர் சூடேறி, அரித்த மண் கற்களின் இடுக்குகளை அடைத்த பிறகு, பல மாதம் கழித்துத்தான் தட்டில் மேஃபிளை குறையும். அதனால் கரைக்கென்று அமெரிக்க வேளாண்மைத் துறையின் இயற்கை வளப் பாதுகாப்பு அமைப்பு 1998இல் வெளியிட்ட ஓடைக் கண்நோக்கு மதிப்பீட்டு நெறிமுறையை எடுத்துக்கொண்டோம். விவசாயிகளோடு சேர்ந்து நடந்தே ஓர் ஓடையை மதிப்பிடுவதற்காக எழுதிய ஏடு அது. 2009இல் திருத்திய பதிப்பும் வந்தது. நாங்கள் எளிமை கருதி முதல் பதிப்பையே வைத்துக்கொண்டோம். அதிலும் பதினைந்து கூறுகளில் எங்களுக்குத் தேவையான ஆறை மட்டும் பிரித்துத் தமிழில் எழுதினோம்.

அதில் எனக்குப் பிடித்தது, ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் கண்ணால் சரிபார்க்கத்தக்க விளக்கம் இருப்பது. இயற்கையான தாவரங்கள் கரையின் ஒவ்வொரு பக்கத்திலும் ஓடையின் அகலத்தைப் போல் இரு மடங்கு தூரத்துக்கு இருந்தால் பத்து மதிப்பெண். ஓர் அகலத்துக்கு இருந்தால் எட்டு. பாதி அகலத்துக்கு ஐந்து. மூன்றில் ஒரு பங்குக்கும் குறைந்தால் ஒன்று. ஓடையின் அகலத்தைக் கயிற்றால் அளந்து, அதே கயிற்றைக் கரையில் விரித்து, எங்கே நாணலும் மரமும் முடிந்து தோட்டமோ சாலையோ தொடங்குகிறது என்று மாணவர்களே சொல்லிவிடுகிறார்கள். ஓடைப் படுகையின் கற்கள் வண்டலில் எவ்வளவு புதைந்திருக்கின்றன என்பதற்கும் இப்படியே: ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகப் புதைந்திருந்தால் பத்து, முழுதும் மூடியிருந்தால் ஒன்று. கல்லைத் தூக்கிப் பார்த்தால் புதைந்த பகுதிக்கும் வெளியே நின்ற பகுதிக்கும் நிறமே வேறாக இருக்கும். கல்லிடுக்கு அடைபட்ட இடங்களிலெல்லாம் மினிசாஸ் தட்டிலும் மேஃபிளை குறைந்திருந்ததைச் சேர்த்துப் பார்த்தபோதுதான், காரணமும் விளைவும் ஒரே தாளில் வந்து நின்றன. மினிசாஸை மட்டும் செய்துகொண்டிருந்தால் பூச்சி குறைந்தது தெரிந்திருக்கும். ஏன் குறைந்தது என்பது தெரிந்திருக்காது.

வளைவுகளின் வெளிக்கரையை வேர்கள் பிடித்து வைத்திருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லும் கூறு எங்கள் ஊரில் சிறிய விவாதத்தையே கிளப்பிவிட்டது. ஓடையின் ஒரு வளைவில் சில ஆண்டுகளுக்கு முன் கான்கிரீட் சுவர் எழுப்பி, அடியையும் கல் பாவி, ஓடையைச் சீரமைத்ததாகப் பலகை வைத்திருக்கிறார்கள். பார்ப்பதற்கு நேர்த்தியாகத்தான் இருக்கிறது. ஆனால் நெறிமுறையின்படி கால்வாய் நிலை, கரைத் தாவரம், பூச்சிகளின் வாழிடம் ஆகிய மூன்றிலும் அந்த இடமே எங்கள் பட்டியலில் கடைசி. சுவர் முடியும் இடத்தில் நீர் வேகமெடுத்து எதிர்க்கரையை அரித்திருப்பதையும் மாணவர்கள் படம் எடுத்தார்கள். குப்பை கொட்டும் இடத்தைவிட இது ஏன் குறைவான மதிப்பெண் பெற வேண்டும் என்று ஒரு மாணவன் கேட்டது நியாயமான கேள்வி; குப்பையை அள்ளிவிடலாம், சுவரை அள்ள முடியாது என்று இன்னொருவன் சொன்ன பதிலை நான் திருத்தவில்லை.

குறைகள் இதிலும் உண்டு. அமெரிக்கப் பண்ணைகளை மனத்தில் வைத்து எழுதியதால், உண்ணிச்செடி புதராக மண்டிய கரையும் உள்ளூர் மரங்கள் நிற்கும் கரையும் அவசரத்தில் பார்ப்பவருக்கு ஒரே பச்சையாகத் தோன்றி ஒரே மதிப்பெண் பெற்றுவிடும். நாங்கள் தனிக் கட்டம் ஒன்றைச் சேர்த்து, உண்ணிச்செடியும் சீமைக்கருவேலமும் கரையில் எவ்வளவு பரவியிருக்கின்றன என்று எழுதுகிறோம். மதிப்பெண் பார்ப்பவரின் கண்ணைப் பொறுத்தது என்பதால், இரண்டு குழுக்கள் தனித்தனியே மதிப்பிட்டு, இரண்டுக்கு மேல் வேறுபட்டால் மீண்டும் சேர்ந்து பார்ப்பதை வழக்கமாக்கினோம். ஒவ்வொரு முறையும் அதே பாறையின் மேல் நின்று அதே திசையில் எடுக்கும் ஒளிப்படம், எந்த மதிப்பெண்ணையும்விட நம்பத்தக்க சாட்சியாக இருக்கிறது. கலங்கல் அளக்க ஒரு மீட்டர் நீளத் தெளிவுக் குழாயை விலைக்கு வாங்கத் தேவையில்லை. குழல்விளக்குக்கு மாட்டும் ஒளிபுகும் பிளாஸ்டிக் உறையின் ஒரு முனையை அடைத்து, அடியில் கறுப்புப் புள்ளி ஒட்டி, அது மறையும் வரை நீரை ஊற்றி உயரத்தை அளந்தோம். நம் இடங்களை ஒன்றோடொன்று ஒப்பிட அது போதும்.

மொத்தத்தில், மதிப்பெண் போட வேண்டும் என்றால் கற்பிக்கும் கருவி என்ற அளவில் மினிசாஸுக்கு ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அளக்கும் கருவி என்ற அளவில் மூன்றுக்கு மேல் கொடுக்க மாட்டேன். எட்டாம் வகுப்பிலிருந்து மேலே உள்ள மாணவர்களுக்கும், ஊர்ப் பொதுமக்களுக்கும், ஏரி குளப் பாதுகாப்புக் குழுக்களில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் இதைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். தொழிற்சாலைக் கழிவை நிரூபித்து வழக்குத் தொடுக்க நினைப்பவர்கள் ஆய்வகத்துக்குத்தான் போக வேண்டும். இந்தத் தாள் எங்கே, எப்போது மாதிரி எடுக்க வேண்டும் என்பதை வேண்டுமானால் அவர்களுக்குச் சொல்லும். ஆண்டு முழுதும் வறண்டு கிடக்கும் ஓடையை வைத்திருப்பவர்கள் கரை மதிப்பீட்டை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

உருவாக்கியவர்களிடம் ஒன்று கேட்கலாம் என்றால், படவழிகாட்டியின் தமிழ் வடிவத்தைக் கேட்பேன். அது வரும்வரை எங்கள் மாணவர்களே ஒன்றைத் தயாரித்து, படங்களைக் கையால் வரைந்து, பிளாஸ்டிக் உறையிட்டு வலையின் கழியில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். கேடிஸ்ஃபிளைக்கு அவர்கள் வைத்த பெயர் மணல்வீட்டுப்புழு. நீந்தும் மேஃபிளைக்கு அயிரைப்பூச்சி. ஸ்டோன்ஃபிளைக்கான கட்டத்தில் இரண்டு வாலோடு படம் மட்டும் வரைந்து, பெயர் எழுதும் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறார்கள். முதலில் பிடிப்பவர் வைக்கட்டும் என்று ஏற்பாடு.